பலகையில் எழுதிய விலை

மார்லோ ஹெட், ஆரிகன்
3 செப்டம்பர் 2019

மாண்புமிகு நகர மன்ற உறுப்பினர் லோரீன் ஹாஸ்கெட் அவர்களுக்கு,

உங்கள் தம்பி வேட் எழுதிக்கொள்வது. கடற்கரைத் தெரு முனையில் ரொட்டியும் மட்டிச் சூப்பும் விற்கிறானே, அவனேதான். மரியாதை இதோடு போதும்.

அக்கா, நீ செய்தது உனக்கே நன்றாக இருக்கிறதா? ஊரில் சமைத்து விற்கிற சாப்பாட்டுக்கெல்லாம் நூற்றுக்கு ஐந்து விற்பனை வரி, நவம்பரில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று மன்றத்தில் கையைத் தூக்கியிருக்கிறாய். அதை நான் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்கிறேன். அதற்கு முந்தின நாள் காலையில் என் கடையில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சூப் குடித்தாயே, ஒரு வார்த்தை சொன்னாயா? "இன்னிக்கு மிளகு தூக்கலா இருக்குடா" என்றாய். அவ்வளவுதான்.

விற்பனை வரியே இல்லாத மாநிலம் இது, அந்தப் பேரைச் சொன்னாலே ஜனங்கள் செருப்பைத் தேடுவார்கள். நானும் தேடுகிறேன். என் கடைக் கரும்பலகையில் சூப் ஆறு டாலர் என்று எழுதியிருந்தால் ஆறு டாலர்தான். பாக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வரும் மீனவன், வெளியே போகும்போது தலை குனியக் கூடாது. இனிமேல் அவனிடம் "இன்னும் முப்பது சென்ட் குடுங்க" என்று நான் பல்லிளிக்க வேண்டுமா? பலகையில் ஒன்று எழுதிவிட்டுக் கல்லாவில் வேறொன்று கேட்பதற்குப் பெயர் வியாபாரம் இல்லை, பொய்.

தண்ணீருக்காக என்று நீ சொல்வாய். தண்ணீரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. போன ஜனவரியில் மலையின் வடக்குச் சரிவை மரமில்லாமல் மொட்டையடித்த பிறகு அடித்த மழையில், ஊருக்கே தண்ணீர் தரும் டாலன் ஓடை காப்பி நிறத்தில் வந்தது உனக்கும் தெரியும். கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினீர்கள், குளோரினை அள்ளிக் கொட்டினீர்கள். அப்போது என் புளிமாவு செத்துப்போனது. ரொட்டியைப் பொங்கவைக்க, கடை ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் மாவும் தண்ணீரும் ஊட்டி வளர்த்த மாவு. ஜாடியைத் திறந்தால் நீச்சல்குளம் நாற்றம். வில்லபி டவுன் வரைக்கும் லாரியில் போய் டிரம்மில் தண்ணீர் பிடித்து வந்தேன், ரொட்டி கல் மாதிரி வந்தது. உன்னிடம் அடுப்பு ரிப்பேர் என்று சொன்னேன். அடுப்புக்கு ஒன்றுமில்லை. நீ பாவப்பட்டுப் பார்ப்பதைத் தாங்க முடியாமல்தான் பொய் சொன்னேன். தண்ணீர் கெட்டால் என் கடை செத்தது, அக்கா. ஊரில் யாரைவிடவும் எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் மலையை மொட்டையடிப்பது மரக் கம்பெனி, உண்டியல் குலுக்குவது மட்டும் என் கல்லாவா?

போர்ட்லேண்டிலிருந்து ஒருவர் என் கடையை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த வரி ஜெயித்தால் அவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

இந்த யோசனை மேயருடையது என்று கேள்வி. அவர் செய்யும் நண்டு சாலட்டைக் கடற்பறவைகூடத் தொடாது, அவர் சாப்பாட்டுக்கு வரி போடுகிறார். அவருக்குத் துணை உங்கள் நகரச் செயலாளர் ஓப்பல் டிங்லி. கட்டின புருஷன் வீட்டுக்குள் வந்தாலும் 'பெறப்பட்டது' என்று நெற்றியில் முத்திரை குத்துகிற பொம்பளை. நீயோ, போன தாங்க்ஸ்கிவிங் விருந்துக்குச் சுட்ட பூசணிப் பலகாரத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டியவள். இப்படி மூன்று பேர் சேர்ந்து ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி முடிவெடுக்கிறீர்கள்.

கடைப்பக்கம் வராதே. இந்த வருஷம் தாங்க்ஸ்கிவிங்குக்கு நானும் வரமாட்டேன்.

வேட்


மார்லோ ஹெட்
7 செப்டம்பர் 2019

அன்புள்ள வேட்,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன்.

முன்கூட்டியே சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. உனக்குப் பிடிக்காது, ஆனாலும் காரணம்தான். உடன்பிறந்தவனுக்கு ஊரில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது என்பதால், வரியைப் பற்றி உன்னோடு வாயால் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது, பேசினால் எழுத்தில்தான் பேச வேண்டும் என்று நகரத்தின் வக்கீல் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று காலையில் உன் எதிரே உட்கார்ந்துகொண்டு மிளகைப் பற்றிப் பேசினேன். இரண்டாவது கிண்ணம் வாங்கியதே எழுந்து போக மனசு வராமல்தான்.

இப்போது மலை விஷயம். டாலன் ஓடைக்கு மேலே இருக்கும் தெற்குச் சரிவு மட்டும்தான் இன்னும் மரத்தோடு இருக்கிறது. அதையும் வெட்டக் கம்பெனி அனுமதி வாங்கியாகிவிட்டது. வெட்டினால் அடுத்து ஹெலிகாப்டரில் களைக்கொல்லி தெளிப்பார்கள். எல்லாம் சட்டப்படி. கெஞ்சியும் பார்த்தோம், மிரட்டியும் பார்த்தோம். கடைசியில், "இந்த வருஷ முடிவுக்குள் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வசந்தத்தில் ரம்பத்தோடு வருவோம்" என்று சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கித்தான் மலையை வாங்க முடியும். கடனை அடைக்க வருமானம் வேண்டும். கோடையில் ஊருக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்களே, அவர்களும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். வீட்டு வரியை ஏற்றினால் ஹார்லன் ப்ரைஸ் மாதிரி நண்டு பிடிக்கிறவர்கள் வீட்டை விற்க வேண்டியிருக்கும். விடுதி அறைகளுக்கு ஏற்கெனவே வரி இருக்கிறது. மிச்சம் இருந்தது சாப்பாடுதான்.

இன்னொன்று. இதைப் படிக்கும்போது நின்றுகொண்டிருந்தால் உட்கார். நகர மன்றத்தில் ஓட்டுக்கு வரும் விஷயத்தைப் பற்றி உறுப்பினருக்கு யார் எழுதினாலும் அது பொதுக் கோப்பில் சேர வேண்டும். சட்டம். மாமன் மச்சான் என்று விலக்கு இல்லை. உன் கடிதத்தை ஓப்பலிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த கூட்டத்தின் காகிதக் கட்டில் அது வரும். என் பூசணிப் பலகாரம் உட்பட.

ஓப்பல் படித்தாள். முத்திரை குத்தினாள்.

இனி எழுதினால் வரி விஷயத்தை ஒரு தாளிலும் வீட்டு விஷயத்தைத் தனித் தாளிலும் எழுது. வீட்டு விஷயம் எழுதுவாய் என்று நினைக்கிறேன்.

லோரீன்


மார்லோ ஹெட்
15 செப்டம்பர் 2019

லோரீன்,

உனக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா? கூடப் பிறந்த தம்பி கோபத்தில் எழுதியதை எடுத்துக்கொண்டு போய் நூலகத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாயே. கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கிறார்களாம். டெக்சாஸில் இருக்கும் என் பழைய பெண்டாட்டி போன் பண்ணிச் சிரிக்கிறாள்.

சனிக்கிழமை காலையில் கடை திறந்ததும் மேயர் வந்தார். பேந்தப் பேந்த விழித்தேன். மனுஷன் கையில் ஒரு டப்பா. "நண்டு சாலட். நீங்களே டேஸ்ட் பண்ணிச் சொல்லுங்க. வெளியில ஒரு கடற்பறவை நிக்குது, வேணும்னா அதுக்கும் குடுத்துப் பாப்போம்" என்றார். நாலு மேஜைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கரண்டி தின்றேன். என்ன செய்வது, நன்றாகத்தான் இருந்தது. அந்த எரிச்சல் வேறு.

அதற்குப் பிறகு ஓப்பல் வந்தாள். எப்போதும் வாங்கும் ரொட்டியையே கேட்டாள். தலை நிமிராமல் பொட்டலம் கட்டினேன். காசைக் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, என் ரசீதில் டம்மென்று ஒன்று குத்தினாள். 'பெறப்பட்டது.' முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. கதவருகே போனதும் திரும்பி, "என் வீட்டுக்காரர் நெத்தி நல்லாத்தான் இருக்கு வேட், கவலைப்படாதீங்க" என்றாள். கடையே அதிர்ந்தது. இப்போது யார் சூப் குடித்தாலும் போகும்போது கிண்ணத்தைத் தட்டி "பெறப்பட்டது" என்கிறார்கள். பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது.

ஆனால் மேயரையும் ஓப்பலையும்விட எனக்கு உறுத்துவது வேறு. ஒரு சின்னப் பெண், சுற்றுலாவுக்கு வந்தவள்கூட இல்லை, மீன் பண்ணையில் வேலை பார்ப்பவள், கல்லாவில் காசு கொடுக்கும்போது மெதுவாக, "உங்க மாவு செத்துப்போனதுக்கு வருத்தப்படுறேன்" என்றாள். மாவுக்கு யாராவது துக்கம் கேட்பார்களா? உள்ளே போய்ச் சட்டி கழுவினேன்.

வரி பற்றி இனி எழுதமாட்டேன். இதையும் கோப்பில் போடுவதென்றால் போட்டுக்கொள். வீட்டு விஷயம் ஒன்றுமில்லை.

வேட்


மார்லோ ஹெட்
2 அக்டோபர் 2019

முதல் தாள் (வரி)

அன்புள்ள வேட்,

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நீ வந்ததைப் பார்த்தேன். பின் சுவரோரம் தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாய். பாதியில் வெளியே போய்விட்டாய், அதனால் மீதியை எழுதுகிறேன்.

பொதுமக்கள் பேசலாம் என்றதும் முதலில் எழுந்தது ஹார்லன் ப்ரைஸ். இத்தனை வருஷத்தில் அவர் மன்றத்துக்கு வந்தே நான் பார்த்ததில்லை. நண்டு படகிலிருந்து நேராக வந்திருப்பார் போல, ரப்பர் பூட்ஸோடு. அவரவருக்கு மூன்று நிமிஷம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதக் கட்டைப் பிரித்து, உன் கடிதத்தில் தண்ணீரைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தார். "ஜாடியத் திறந்தா நீச்சல்குளம் நாத்தம்" என்ற இடத்தில் நிறுத்தினார். அப்போதுதான் நீ வெளியே போனாய். நீ போன பிறகு அவர் சொன்னது இது:

"இவன் வரி வேணாங்கிறான். நானும் வேணாங்கிறவன்தான். எனக்கு எந்த வரியும் ஆகாது. ஆனா இதைப் படிச்சதும் வீட்டுக்குப் போயி ஒரு கிளாஸ் தண்ணி பிடிச்சுக் குடிச்சேன். குடிச்சிட்டு யோசிச்சேன். அவ்ளோதான், உக்காந்துக்கறேன்."

மணியடிக்க இன்னும் பாதி நேரம் மிச்சம் இருந்தது.

உன்னுடைய கேள்வி நியாயமானது என்றும் மன்றத்தில் சொன்னேன். கம்பெனி ஏன் கொடுக்கவில்லை, கல்லா ஏன் கொடுக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கம்பெனிக்கு ஊர் இல்லை, நமக்கு இருக்கிறது. அவ்வளவுதான் என் பதில்.

இரண்டாம் தாள் (வீடு. ஓப்பலுக்கு இதைக் காட்டமாட்டேன்)

அடுப்பு ரிப்பேர் என்று நீ சொன்ன அந்த வாரம் நான் உனக்கு ஒரு ரிப்பேர்க்காரரின் நம்பர் எழுதித் தந்தேன். அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "தேங்க்ஸ்க்கா" என்றாய். என்னிடம் அழுதிருக்கலாமே, மடையா. காலையில் பள்ளி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு உன் கடையைத் தாண்டும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது.

புது மாவு எப்படி இருக்கிறது? பழையது மாதிரி புளிக்கிறதா?

தாங்க்ஸ்கிவிங்குக்கு வான்கோழி சொல்லிவிட்டேன், பெரியது. உனக்கும் சேர்த்துத்தான். நீ வராவிட்டால் நான் ஒரு மாதம் தின்ன வேண்டும்.

லோரீன்


மார்லோ ஹெட்
21 அக்டோபர் 2019

அக்கா,

ஒரே தாளில்தான் எழுதுவேன். என் வாழ்க்கையில் வரி ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமுமாகத் தனித்தனியாக நடக்கவில்லை.

ஓட்டுச் சீட்டு தபாலில் வந்துவிட்டது. சமையல் மேஜை மேல் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் போர்ட்லேண்ட்காரர் அனுப்பிய கடை விற்பனைப் பத்திரம். ஒன்றில் கோடு போட வேண்டும், இன்னொன்றில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டையும் தொடாமல் அவற்றுக்கு நடுவில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறேன். நேற்று வெண்ணெய் சிந்தி ஓட்டுச் சீட்டின் உறை எண்ணெயாகிவிட்டது.

தபாலில் வந்த நோட்டீஸ்களைப் பார்த்தாயா? 'ஆம்' பக்கத்துக்காரர்கள் பச்சை அட்டையில் அடித்திருக்கிறார்கள்: "தண்ணீர் கெட்டால் என் கடை செத்தது. வேட் ஹாஸ்கெட், ரொட்டிக்கடை உரிமையாளர்." 'இல்லை' பக்கத்துக்காரர்கள் சிவப்பு அட்டையில்: "பலகையில் ஒன்று எழுதிவிட்டுக் கல்லாவில் வேறொன்று கேட்பதற்குப் பெயர் பொய். வேட் ஹாஸ்கெட், ரொட்டிக்கடை உரிமையாளர்." இரண்டும் ஒரே நாளில் என் வீட்டுப் பெட்டியிலேயே வந்து விழுந்தன. ஒரே கடிதத்தைப் பிய்த்து இரண்டு கோஷ்டியும் என் தலையிலேயே அடிக்கின்றன. 'ஆம்'காரர்கள் வந்து "நீங்க மேடையில பேசணும்" என்றார்கள், விரட்டினேன். 'இல்லை'காரர்கள் வந்து "உங்க கடை வாசல்ல போர்டு வைக்கலாமா" என்றார்கள், அவர்களையும் விரட்டினேன். இரண்டு பேரும் போகும்போது ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள், அது வரைக்கும் லாபம்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? இரண்டு அட்டையிலும் இருப்பது நான் சொன்னதுதான். இரண்டும் உண்மைதான். இப்படி ஒரு மனுஷன் எப்படி ஓட்டுப் போடுவது?

மழை ஆரம்பித்துவிட்டது. காலையில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் முதலில் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். ஜனவரிக்குப் பிறகு வந்த பழக்கம். பார்க்கும்வரை மூச்சே விடுவதில்லை.

புது மாவு பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் அடம்பிடிக்கிறது.

வான்கோழி பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன்.

வேட்


மார்லோ ஹெட்
7 நவம்பர் 2019

வேட்,

வரி ஜெயித்துவிட்டது. சொற்ப ஓட்டு வித்தியாசம். உனக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் நீ எங்கே? நேற்றும் கடை பூட்டியிருந்தது, இன்றும் பூட்டியிருக்கிறது. கதவில் 'கடை விடுமுறை' என்று மட்டும் ஒட்டியிருக்கிறாய். பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்க்கிறார்கள். "லோரீன் மிஸ், உங்க தம்பி கடைய வித்துட்டாராமே?" என்று கேட்கிறார்கள். தெரியாது என்றேன். எனக்கே தெரியாது என்று சொல்வதற்கு எவ்வளவு கேவலமாக இருந்தது தெரியுமா?

போன் எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால் இதை உன் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போகிறேன். ஜெயித்த அன்று இரவு எல்லோரும் கைகுலுக்கினார்கள். நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். ஓடையைக் காப்பாற்றப் போய் உன்னை ஊரைவிட்டே விரட்டிவிட்டேனோ என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எப்படி ஓட்டுப் போட்டாய் என்று கேட்கமாட்டேன். விற்றுவிட்டாயா என்று மட்டும் சொல்.

லோரீன்


போர்ட்லேண்ட்
7 நவம்பர் 2019

அக்கா,

பதறாதே. விற்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. எந்தத் தாளில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானமே பத்திரத்தை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பிவிட்டேன். ஊரில் உட்கார்ந்துகொண்டு முடிவைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மோட்டலில் ராத்திரி செய்தியில் பார்த்தேன். ஜெயித்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு என்ன ஆனது தெரியுமா? கோபம் வரும் என்று கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தேன். வரவில்லை. மாறாக நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பூட்ஸோடு சாய்ந்தவன் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஜனவரியிலிருந்து நான் அப்படித் தூங்கியதில்லை, அக்கா.

நான் 'இல்லை' என்றுதான் ஓட்டுப் போட்டேன். எண்ணெய் உறையோடு போய் நூலகத்து ஓட்டுப் பெட்டியில் போட்டேன். சொன்ன சொல்லை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. தோற்றுவிட்டேன். தோற்றதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் இத்தனை சண்டை போட்டிருக்கமாட்டேன்.

மறுநாள் காலையில் அந்த ஆளைப் பார்க்கப் போனேன். நிம்மதி வேறு, பிழைப்பு வேறு இல்லையா? அவர் முகமெல்லாம் சிரிப்பு. "வேட், உங்க ஊர் வரி ஜெயிச்சிடுச்சாமே! பிரமாதம்!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வரி ஜெயிச்சா உங்களுக்கு என்னங்க பிரமாதம்?" என்றேன். "மலை பாதுகாப்பா இருக்கும், தண்ணி சுத்தமா இருக்கும். ஊருக்கே மதிப்பு ஏறும். நான் சொன்ன விலைய இன்னும் கொஞ்சம் ஏத்தியே தர்றேன்" என்றார்.

எந்த வரி என் கடையைக் கொல்லும் என்று நான் கத்தினேனோ, அதே வரியால் கடையின் விலை ஏறிவிட்டது. சரி, பேனாவை எடுத்தேன். எடுத்துவிட்டு, "அடுப்பு கொஞ்சம் இடதுபக்கமா சூடேறும், புது ஆளுக்கு நான் சொல்லித் தர்றேன்" என்றேன்.

"அடுப்பா? அதை எடுத்துடுவோம்ங்க. மாவு உறைஞ்ச உருண்டையா இங்கிருந்து லாரியில வரும். அங்க சூடு பண்ணினா போதும்."

"அப்போ தண்ணி எதுக்கு?"

"போர்டுல போடறதுக்குத்தான். 'மலை ஓடைத் தண்ணீரின் சுவை'ன்னு ஒரு படம் வைக்கலாம்."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். நான் ஒன்றும் வசனம் பேசவில்லை. "எனக்கு ரொட்டி சுட நேரமாச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஊர் மூன்று மணி நேர தூரத்தில் இருக்கிறது, எந்த ரொட்டி என்று அவர் கேட்கவில்லை.

வரியைப் பற்றிய என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. முப்பது சென்ட்டை நான் எந்த முகத்தோடு கேட்பது? அதற்கு மட்டும் ஒரு வழி சொல். நாளை கிளம்பிவிடுவேன். இதைத் தபாலில் போடுகிறேன், எனக்கு முன்னாலேயே வந்தாலும் வரும்.

வேட்


மார்லோ ஹெட்
12 நவம்பர் 2019

அடேய் வேட்,

உன் கடிதம் வந்து வயிற்றில் பாலை வார்த்தது. கொஞ்ச நேரம் பஸ்ஸிலேயே உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகுதான். அன்றைக்கு மத்தியானமே உன் கடைப் புகைபோக்கியில் புகை வந்ததைப் பார்த்தேன், உள்ளே வரவில்லை. "கடைப்பக்கம் வராதே" என்று நீ எழுதியது இன்னும் கோப்பில் இருக்கிறது. வா என்று நீ சொன்னால்தான் வருவேன்.

முப்பது சென்ட் விஷயம். இதைக் கேட்டுச் சிரிக்காதே, நானே சிரித்து முடித்துவிட்டேன். பலகையில் ஒரு விலையும் கல்லாவில் ஒரு விலையும் வைக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று ஓப்பலிடம் கேட்டேன். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை. விற்றதில் நூற்றுக்கு ஐந்து நகரத்துக்குச் சேர வேண்டும், அவ்வளவுதான். வரியையும் சேர்த்தே பலகையில் விலை எழுதிக்கொள்ளலாம். விற்பனை வரியையே பார்க்காமல் வளர்ந்த ஜனங்கள் நாம். பக்கத்து மாநிலத்துக்குப் போகும்போது கல்லாவில் கூட்டிக் கேட்பதைப் பார்த்து, அப்படித்தான் செய்தாக வேண்டும் என்று நினைத்துவிட்டோம். சட்டத்தை எழுதிய எனக்கும் தெரியவில்லை, திட்டிய உனக்கும் தெரியவில்லை. மேயருக்கும் தெரியாது. "இதை யாராச்சும் ஆகஸ்ட்லயே கேட்டிருக்கலாமே" என்றாள் ஓப்பல்.

பலகையில் எழுதிய விலைதான் விலை. அப்படியே இருக்கட்டும்.

மலையின் பத்திரத்தில் டிசம்பர் தொடக்கத்தில் கையெழுத்து. கம்பெனிக்காரர்கள் தேதி கொடுத்துவிட்டார்கள்.

வான்கோழி இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது.

உன் அக்கா


மார்லோ ஹெட்
2 டிசம்பர் 2019

நகர மன்றத்துக்கு, நகரச் செயலாளர் ஓப்பல் டிங்லி வழியாக.
பொருள்: டாலன் ஓடை நீர்ப்பிடிப்பும் சாப்பாட்டு வரியும்.

ஐயா, அம்மா,

இது பொதுக் கோப்புக்கென்றே எழுதுவது. தயவுசெய்து முத்திரை குத்தவும்.

செப்டம்பரில் நான் எழுதிய கடிதத்தில் சில திருத்தங்கள் உண்டு. மேயரின் நண்டு சாலட்டைக் கடற்பறவை தொடாது என்று எழுதியிருந்தேன். தொட்டது. அன்று அவர் என் கடைக்குக் கொண்டுவந்ததை டப்பாவோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது, சாட்சிகள் உண்டு. ஓப்பல் டிங்லி பற்றி எழுதியதில் மாற்றம் எதுவும் இல்லை.

வரி வந்தால் கடையை விற்றுவிடுவேன் என்று சத்தியம் செய்திருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். வருகிற ஜனவரியிலிருந்து சூப் ஆறரை டாலர் என்று பலகையில் இப்போதே எழுதிவிட்டேன். வரி அதற்குள்ளேயே அடக்கம். இரண்டு வருஷமாக விலையை ஏற்ற நினைத்துத் தைரியம் இல்லாமல் இருந்தேன். இப்போது ஏற்றிவிட்டுப் பழியை மன்றத்தின் மேல் போட்டுக்கொண்டிருக்கிறேன். மன்றத்துக்கு நன்றி. ஹார்லன் ப்ரைஸ் பலகையைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார், பிறகு ஒரு கிண்ணம் குடித்தார்.

நேற்று இரவு முழுக்கப் பேய்மழை. இன்று காலையில் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து ஜன்னலுக்கு நேராகப் பார்த்தேன். டம்ளர் வழியாகத் தெரு தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு போனது வரைக்கும் தெரிந்தது. அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்தேன், பொங்கி ஜாடிக்கு வெளியே வழிந்துவிட்டது. தெற்குச் சரிவின் பத்திரத்தில் இந்த வாரம் கையெழுத்தாகிறது என்று கேள்விப்பட்டேன். எதிர்த்து ஓட்டுப் போட்டவன் என்ற முறையில் எனக்கு ரொம்ப சந்தோஷம் என்பதைக் கோப்பில் பதிவு செய்துகொள்கிறேன்.

கடைசியாக, மன்ற உறுப்பினர் லோரீன் ஹாஸ்கெட் கடைப்பக்கம் வரக் கூடாது என்று எழுதியிருந்ததை ரத்து செய்கிறேன். அவர் தினமும் வரலாம், காசு கொடுத்துத்தான் குடிக்க வேண்டும். தாங்க்ஸ்கிவிங்குக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பூசணிப் பலகாரம் இரண்டு துண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

உப்புதான் கொஞ்சம் குறைவு.

வேட் ஹாஸ்கெட்
ரொட்டிக்கடை, கடற்கரைத் தெரு முனை